விருந்தினருக்குச் சுற்றுலா, வீட்டாருக்கு?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குக் குடும்பங்கள் பல பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. ஊட்டி, கொடைக்கானல் என்று போகிறவர்கள் சிலர். பெரும்பாலோருக்கு அந்த வசதி இல்லை. உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ நான்கு நாள் தங்கி, அதில் ஒரு நாள் வண்டி பிடித்துச் சுற்றியுள்ள இடங்களைப் பார்த்து வருவதே நமது சுற்றுலா. செலவு குறைவு, உறவும் வளரும். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி நான் பாடம் கற்றுக்கொண்டது சற்றுத் தாமதமாகத்தான். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். என் அண்ணன் குடும்பம் தஞ்சாவூரிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்து, கல்லூரிக் கால நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியது. என் பங்கின் ஞாயிறு திருப்பலிகளை வேறொரு அருள்தந்தை ஏற்றுக்கொண்டதால் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மறுநாள் மாமல்லபுரம் போவது என்று சனிக்கிழமை இரவே முடிவாயிற்று. பன்னிரண்டு பேர் அமரும் வேன் ஒன்றை வாடகைக்குப் பேசினார்கள்.

ஞாயிறு காலையில் புனித சூசையப்பர் பேராலயத்தில் திருப்பலி. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரு மகன்கள், அண்ணனின் நண்பர், அவருடைய இரு பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நண்பரின் மனைவியை மட்டும் காணவில்லை. கேட்டதற்கு, "அவ சாயங்காலப் பூசைக்குப் போய்க்குவா சாமி" என்றார். நானும் தலையசைத்துவிட்டேன்.

வீடு திரும்பியபோது இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. தூக்குகளில் புளியோதரையும் தயிர்சாதமும், ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவலும், இரண்டு கேன்களில் தண்ணீரும் வாசலருகே தயாராக இருந்தன. அந்த அம்மா மூன்றரை மணிக்கே எழுந்திருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். வேனில் இடம் இருந்தது. அண்ணி அழைத்தும் பார்த்தார். "நீங்க போய்ட்டு வாங்க அண்ணி, நான் பார்த்ததுதானே" என்று சிரித்தபடி வழியனுப்பி வைத்தார். நாங்கள் எட்டுப் பேர் ஏறிக்கொண்டோம்.

பார்த்தவை

திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். பத்து மணிக்குள் மாமல்லபுரம் சேர்ந்துவிட்டோம். ஐந்து ரதங்களின் முன்னே நின்றதும் அண்ணனின் இளைய மகன் கேட்டான்: "சித்தப்பா, இதெல்லாம் கோயில்தானே? நாம உள்ளே போகலாமா?"

பல குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விதான் இது. இங்குள்ள ரதங்களும் புடைப்புச் சிற்பங்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள். 1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. நம் முன்னோரின் உழைப்பைக் கண்டு மகிழ்வதில் தவறு ஏதும் இல்லை. ஊருக்குள் வழிபாடு நடைபெறும் தலசயனப் பெருமாள் கோயிலும் உண்டு. அத்தகைய இடத்தில் அங்கு வழிபடுவோரின் மனம் நோகாமல் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையில் கற்பித்திருக்கிறது. இதை அவனுக்குப் புரியும்படி சொன்னேன்.

ரதங்கள் ஒவ்வொன்றும் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்டவை. ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில் தொடங்கிய வேலை முழுமை பெறவில்லை. அதனால்தான் மேற்பகுதி நுணுக்கமாகவும், சிலவற்றின் அடிப்பகுதி வெறும் பாறையாகவும் இருக்கின்றன. இவற்றைச் செய்தவர் யார் என்று கேட்டால் நாம் உடனே முதலாம் நரசிம்மவர்மன், இராசசிம்மன் என்று அரசர் பெயர்களைச் சொல்கிறோம். ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் கைவினைஞர் சிலரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன் என்பது அவற்றில் ஒன்று. உளி பிடித்த கைகளுக்கும் பெயர் உண்டு என்று அந்தப் பாறை நமக்குச் சொல்கிறது.

பிறகு அர்ச்சுனன் தபசு. சுமார் 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் கொண்ட பாறையில் யானைகளும் முனிவர்களும் நிறைந்திருக்கிறார்கள். அங்கே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்துள்ள எலிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். வெளிவேடத்தைப் பற்றி ஆண்டவர் எச்சரித்ததை விளக்க நல்ல படம் கிடைத்தது என்று எனக்கும் மகிழ்ச்சி.

அதன் அருகிலேயே கிருஷ்ண மண்டபம். பெருமழையிலிருந்து ஊரைக் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகத் தூக்கிய கதை அங்கே செதுக்கப்பட்டுள்ளது. அந்த மலையின் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் அமர்ந்து பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்குகிறது. ஒரு பெண் தலையில் பானைகளைச் சுமந்து நிற்கிறாள். பிள்ளைகள், முதியவர், மாடு, கன்று யாரும் வெளியே விடப்படவில்லை. அன்று இதையும் பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஆனால் அது எனக்கே சொல்லப்படுகிறது என்பதை அப்போது நான் உணரவில்லை.

மதியம் மர நிழலில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். வேன் ஓட்டுநர் தனக்குக் கொடுத்த சோற்றை வண்டியிலேயே அமர்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்தேன். எழுந்து போய் அவரை அழைக்கவில்லை.

மாலையில் வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளத்துக்குச் சென்றோம். அங்குள்ள கார்மேல் அன்னை ஆலயம் 1808-இல் ஜான் டி மான்டே என்ற வணிகரால் கட்டப்பட்டது. அவருடைய உடல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அன்னையிடம் செபித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் நீரைவிட்டு வர மனமில்லாமல் விளையாடினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு மாலை நெரிசல் வேறு. திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது இரவு எட்டரை.

பார்க்காதது

சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் வறுவலும் காத்திருந்தன. பசியோடு உட்கார்ந்தோம். பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "பூசைக்குப் போய்ட்டு வந்தீங்களாம்மா?"

அவர் சற்றுத் தயங்கினார். "எங்க சாமி! மீன் வர நேரமாயிடுச்சு. கழுவி, அரைச்சு, அடுப்புல ஏத்தவே ஆறரை மணி. ஒரு ஞாயிறுதானே, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

அப்போது அவருடைய சின்ன மகள், "அம்மா, நீ கடைசியா எப்போ மகாபலிபுரம் போனே?" என்று கேட்டாள். அவர் குழம்பு ஊற்றிக்கொண்டே, "எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

முப்பது கிலோமீட்டர் தொலைவு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். வேனில் இடமும் இருந்தது. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. பாறையிலிருந்த பால்காரரையும் பானை சுமந்த பெண்ணையும் அவ்வளவு விளக்கமாகக் காட்டிய நான், எங்களுக்காகப் பானை சுமந்தவரைப் பார்க்கவில்லை. மற்றவர்களைவிட எனக்கே பொறுப்பு அதிகம். காலையில் பேராலயத்தில் அவர் இல்லை என்பதைக் கவனித்தும் அதை மேலோட்டமாகக் கடந்து போனவன் நான்தான்.

கட்டளை யாருக்கு?

ஓய்வு நாள் கட்டளையை நாம் பெரும்பாலும் "ஞாயிறு பூசை காண வேண்டும்" என்ற அளவில் சுருக்கிவிடுகிறோம். விவிலியத்தில் அந்தக் கட்டளை ஒரு பட்டியலோடு வருகிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரர், வேலைக்காரி, உன் கால்நடைகள், உன் ஊரில் வாழும் அந்நியர் (விப 20:10). இணைச்சட்ட நூல் இன்னும் தெளிவாக, உன்னைப் போலவே உன் வேலையாள்களும் இளைப்பாற வேண்டும் என்று காரணம் சொல்கிறது. எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்றும் நினைவூட்டுகிறது (இச 5:14-15). ஓய்வு என்பது தலைவனுக்கு மட்டும் உரிய சலுகையாக இருந்த உலகில் இது பெரிய புரட்சி.

அந்தப் பட்டியலில் மனைவி என்ற சொல் தனியாக இல்லை. 'நீ' என்ற விளிப்பில் கணவனும் மனைவியும் அடங்கியிருக்கிறார்கள் என்று விவிலிய அறிஞர்கள் விளக்குவர். நம் வீடுகளில் நடப்பது என்ன? மகன் ஓய்வெடுக்கிறான், மகள் ஓய்வெடுக்கிறாள், விருந்தாளியும் ஓய்வெடுக்கிறார். அடுப்படியில் நிற்பவர் மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போகிறார். மற்ற நாள்களைவிட ஞாயிற்றுக்கிழமையில்தான் அவருக்கு வேலை அதிகம்.

திருச்சபையின் போதனையும் இதே வழியில் செல்கிறது. ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்பதோடு, வழிபாட்டுக்கும் அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும் ஓய்வுக்கும் இடையூறான வேலைகளையும் தவிர்க்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1247). கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னொரு கடமையையும் சேர்க்கிறது. ஆண்டவரின் நாளைப் பிறர் கடைப்பிடிக்க முடியாதபடி அவர்கள்மீது தேவையற்ற வேலையைச் சுமத்தக் கூடாது (எண் 2187). இந்த இரண்டாவது கடமையைப் பற்றி நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதுண்டா? "பூசைக்குப் போகவில்லை" என்று சொல்பவர் பலர். "என்னால் இன்னொருவர் போக முடியவில்லை" என்று சொன்னவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவின்மீது குற்றம் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. கைக்குழந்தையைப் பராமரித்தல், நோய் போன்ற தக்க காரணங்கள் இருக்கும்போது ஞாயிறு கடன் கட்டாயப்படுத்துவதில்லை என்றும் அதே மறைக்கல்வி நூல் சொல்கிறது (எண் 2181). ஆனால் எட்டுப் பேருக்கு இரண்டு வேளை விருந்து சமைப்பது நோயைப் போலத் தவிர்க்க முடியாததா? அது நாங்கள் தவிர்த்திருக்கக்கூடிய சுமை. திருப்பலியை இழந்தவர் அவர், காரணமானவர்கள் நாங்கள்.

மார்த்தாவும் விருந்தாளியும்

மார்த்தா, மரியா வீட்டுக்கு இயேசு சென்ற பகுதியை (லூக் 10:38-42) வைத்து மறையுரை ஆற்றும்போது நாம் மார்த்தாவைச் சற்றுக் கடிந்துகொள்வது வழக்கம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். அந்த இரவுக்குப் பின் அதே பகுதியை வேறுவிதமாக வாசிக்கிறேன். அங்கே விருந்தாளி இயேசு. அவர் மார்த்தாவின் களைப்பைக் கண்டுகொண்டார். இருமுறை பெயர் சொல்லி அழைத்தார். இத்தனை வேலை தேவையில்லை, வந்து உட்கார் என்ற பொருளில் அவரை விடுவிக்கிறார். தனக்காகச் செய்யப்படும் சமையலைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் விருந்தாளி அவர். நாங்களோ, இன்னொரு துண்டு மீன் வாங்கிக்கொண்டோம்!

நம் தமிழ் மரபில் விருந்தோம்பல் உயர்ந்த அறம். திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. வந்தவரின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வீட்டார் என்பதை நாம் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். வீட்டாரின் முகம் வாடியிருக்கிறதா என்று வந்தவர் பார்க்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அந்நியரை வரவேற்பது பற்றி எபிரேயர் திருமுகம் சொல்வது (எபி 13:2) வீட்டாருக்கு மட்டும் உரியது அல்ல. தாம் அறியாமலே வானதூதர்களை உபசரித்தவர்கள் உண்டு என்றால், அறியாமலே வானதூதர்களிடம் வேலை வாங்கியவர்களும் இருக்கலாம் அல்லவா?

சில நடைமுறை யோசனைகள்

இந்த விடுமுறையில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1. முடிந்தவரை சுற்றிப்பார்க்கும் நாளைச் சனிக்கிழமையிலோ வார நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதான் வசதி என்றால், சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் (திருச்சபைச் சட்டம் 1248). முதலில் வீட்டாரின் பங்கில் திருப்பலி எந்நேரம் என்று கேட்டு, வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து போகும்படி திட்டமிடுங்கள். அதன்பிறகு வண்டிக்குச் சொல்லுங்கள்.

2. அன்று அந்த வீட்டு அடுப்புக்கும் விடுமுறை. காலை உணவை விருந்தாளிகள் கடையில் வாங்கி வரலாம். கட்டுச்சோறு வேண்டுமென்றால் முந்தின இரவே ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். மூன்று நாள் சாப்பிட்டவர்கள் ஒரு வேளை வெங்காயம் உரித்தால் மரியாதை குறைந்துவிடாது.

3. "நான் பார்த்ததுதானே" என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள். இடம் இல்லை என்று ஒருவர் விட்டுக்கொடுக்கிறாரா, வயதான மாமியாரை யார் பார்ப்பது என்று தயங்குகிறாரா என்று விசாரியுங்கள். முதியவரால் நடக்க இயலாது என்றால் இடங்களைக் குறைத்துக்கொண்டு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு இடங்களை எல்லாரும் பார்ப்பது, ஆறு இடங்களைச் சிலர் மட்டும் பார்ப்பதைவிட மேலானது.

4. ஓட்டுநரும் உங்களோடு பயணம் செய்பவர். உங்கள் பாயில் அவருக்கும் இடம் கொடுங்கள். அவர் எந்தச் சமயத்தவர், அவருடைய வழிபாட்டு நேரம் எது, இரவு எத்தனை மணிக்குள் வீடு சேர வேண்டும் என்று கேளுங்கள். தூக்கம் கெட்டு வண்டி ஓட்டுவது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

5. கடலை விளையாட்டாக எண்ணாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரைகளைத் தாக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். திருக்குடும்பத் திருவிழாவும் அன்றுதான். அத்தகைய பேரலை அரிது. ஆனால் சாதாரண நாளிலும் இந்தக் கரையில் அலையின் இழுப்பு வலியது. குளிக்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்காதீர்கள். கரையில் சில நிமிடம் நின்று, அன்று கடலில் மாண்டவர்களுக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள்.

மீண்டும் ஒரு பயணம்

அன்று இரவு நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சாமி" என்றார். சாப்பிட்ட பாத்திரங்களை அண்ணனும் நண்பரும் துலக்கினார்கள். அந்த வீட்டில் அது புதுமை என்பதைப் பிள்ளைகளின் சிரிப்பிலிருந்து புரிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு அண்ணன் குடும்பம் மறுபடி வந்தது. இம்முறை சனிக்கிழமை. அந்த அம்மாவும் வந்தார். கையில் தூக்கு இல்லை, ஒரு கைப்பை மட்டும். மதியம் உணவு விடுதியில் சாப்பிட்டோம். ஓட்டுநர் எங்களோடு அதே மேசையில் அமர்ந்தார். கிருஷ்ண மண்டபத்தில் அந்தப் பானை சுமக்கும் பெண்ணின் முன்னால் அந்த அம்மா நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவளும் யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போறா போல, சாமி" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

பிறகு கடற்கரைக் கோயிலின் பக்கம் போய், கடல் தெரியும் இடத்தில் அமர்ந்தோம். அந்த அம்மா இரண்டு மணி நேரம் எந்த வேலையும் செய்யாமல் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வீடு திரும்பி, எல்லாரும் மறுநாள் காலைத் திருப்பலிக்குச் சேர்ந்து போனோம்.

உயிர்த்த ஆண்டவரும் ஒரு கடற்கரையில் விருந்து வைத்தார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்த சீடர்களுக்காகக் கரியால் தீ மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார் (யோவா 21:9-13). அவர்களிடம் வேலை வாங்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்று அழைத்துத் தாமே எடுத்துக் கொடுத்தார். உழைத்துக் களைத்தவருக்கு ஆண்டவரே சமைத்துப் பரிமாறினார் என்றால், ஆண்டவரின் நாளில் நாம் யாரைச் சமைக்க வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறோம்?

இந்த விடுமுறையில் நீங்கள் புறப்படும் முன், வண்டியில் ஏறியவர்களை எண்ணுவதோடு வாசலில் நின்று கையசைப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

செபிப்போம்: வழிப்போக்கராய் எம்மோடு நடக்கும் ஆண்டவரே, எங்களை வரவேற்கும் இல்லங்களை ஆசீர்வதியும். எங்களுக்காக உழைக்கும் கைகளைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். உமது ஓய்வில் யாரும் விடுபட்டுப் போகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.